ஏறும்போது வாயை மூடிக்கொள்ளும் கருவி

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இந்தப் பொட்டியை நான் மடியில வெச்சுக்கறேன். சித்த இப்பிடித் திரும்பி என்ற மூஞ்சியப் பாத்து உக்காந்துக்கங்க. மூஞ்சியப் பாக்காமப் பேசறவிங்ககிட்ட எனக்குப் பேச்சே ஓடாது. முப்பத்தி நாலு வருசம் ஸ்பின்னிங் மில்லுல ரிங் பிரேம் பிட்டருங்க நான். உள்ள மெசின் ஓடற எரைச்சல்ல யாரு பேசி யாருக்குக் கேக்கும்? வாய் அசையறதப் பாத்துப் பேசிக்குவோம், மிச்சத்தைக் கையில சொல்லிக்குவோம். ரிட்டேராகி ஆறு வருசமாச்சு, அந்தப் பழக்கம் மட்டும் விடமாட்டேங்குது.

எங்கெயா? கோயமுத்தூருக்குத்தான். உக்கடத்துல எறங்கி ஒரு தொண்டை டாக்டரைப் பாக்கோணும். எனக்கில்லீங்க, நான் கல்லு மாதிரி இருக்கறேன். என்ற சம்சாரத்துக்கு. அதா, முன்னால ரெண்டாவது சீட்டுல, பச்சைச் சேலை. மயிலாத்தான்னு பேரு. அவளும் அதே மில்லுதான், கோன் வைண்டிங்.

இந்தப் பொட்டியா? இது ரிமோட்டுங்க, பிளேன் ஓட்டறது. பொம்மைப் பிளேன்னு சொல்லிப்போடாதீங்க, றெக்கை மட்டும் ஆறரை அடி. டாக்டரப் பாக்கப் போறவன் இதை எதுக்குத் தூக்கீட்டுப் போறான்னு நெனைக்கறீங்க, இல்ல? மயிலாத்தாதான் எடுத்துட்டு வரச் சொன்னா. அந்த டாக்டருக்கு இந்த மாதிரி சாமானத்துல நெம்ப ஆசையாமா. பெரிய படிப்புப் படிச்சவிங்களுக்கு இப்பிடி ஒரு பைத்தியம் இருக்கும் போல.

அவ தொண்டைக்கும் இந்தப் பொட்டிக்கும் ஒரு பந்தயம் இருக்குதுங்க. பொள்ளாச்சி போறதுக்குள்ள சொல்லிப்போடலாம். பொள்ளாச்சி தாண்டினாலும் பரவால்ல, நீங்க உக்கடம்தானுங்களே?

கல்யாணமாகி வந்தப்ப அவ குரலு வெங்கல மணியாட்ட கிணுகிணுன்னு இருக்கும். கொல்லையில நின்னு 'ஏனுங்கோ'ன்னா தெருமுக்கு டீக்கடையில இருக்கற எனக்குக் கேக்கும். டீயை வெச்சுப்போட்டு ஓடுவேன். ஆறேழு வருசமா அந்தக் குரலு கொஞ்சங் கொஞ்சமாத் தேஞ்சு போச்சுங்க. பாதிப் பேச்சு வெறும் காத்தாத்தான் வருது. அவளை மட்டும் சொல்லி என்ன, இப்ப எல்லாமே அப்பிடித்தான் இருக்குது. இப்ப வர்ற குக்கருக்கு விசில்ல தெம்பே இல்ல. எங்க வேப்பமரத்துல சாயங்காலமானா குருவி கத்தற சத்தத்துல பேச முடியாது, இப்ப ஒரு சத்தமும் இல்ல. குருவி உக்காந்துதான் இருக்குது, கண்ணுல பாக்கறேன், கத்தறதை விட்டுப்போடுச்சு.

அப்பறம் ரெண்டு வருசமா இன்னொரு கூத்து. மயிலாத்தா திடீர்னு அடித்தொண்டையில பேச ஆரம்பிச்சுட்டா. ஆம்பளையாட்ட. அப்பிடிப் பேசுனா எனக்குத் தெளிவாக் கேக்குது, அது வேற விசயம். ஆனா ஒரு பொம்பளைக்கு அந்தக் குரல் வரலாமுங்களா? பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, 'எங்ககிட்ட எல்லாம் அக்கா எப்பவும் போலத்தான் பேசறாங்க'ன்னு. அவிங்களுக்கென்ன தெரியும். கூட இருக்கறவனுக்குத்தானே தெரியும். உள்ளுக்குள்ள கட்டி கிட்டி இருக்குமோன்னு எனக்கு ராத்தூக்கம் போச்சுங்க. 'வா, டாக்டர்கிட்டக் காட்டலாம்'னு கூப்பிட்டா, 'முதல்ல நீங்க உங்க காதைக் காட்டுங்க'ன்னு சொல்லிப்போட்டா.

எனக்கு வந்துது பாருங்க கோவம். ஒம்பது நாள் பேசல. எனக்கா காது கேக்காது? நூறு மெசின் ஓடற எடத்துல எந்த மெசின்ல பேரிங் போயிருக்குதுன்னு சொன்னவன் நான். மெசின் மேல கையை வெச்சுத்தான் சொல்லுவேன், ஆனாலும் காதில்லாதவனால சொல்ல முடியுமா? என்னுங்க சொன்னீங்க? சரி விடுங்க, இந்த பஸ் எரைச்சல்ல ஒண்ணும் வெளங்கல.

பிளேனுக்கு வர்றேன். எங்க ஊருக்குத் தெக்கால ஒரு வறண்ட கொளம் இருக்குது. அங்க ஞானராஜ்னு ஒரு பாலிடெக்னிக் வாத்தியாரு, அவரும் இன்னும் ஒரு ஏழெட்டுப் பேரும் ஞாயித்துக்கெழமையானா பிளேன் விடுவாங்க. ரிட்டேராகி வாக்கிங் போனவன் அப்பிடியே அதுல விழுந்துட்டேன். இந்தப் பிளேனுக்கு இஞ்சின் கெடையாதுங்க. ரப்பர் கயித்துல இழுத்து விட்டா ஒசரப் போகும், அப்பறம் அதும்பாட்டுக்கு எறங்கும். ஆனா வெயில்ல சூடான காத்து மேல கெளம்புற எடம் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள புகுந்துட்டா, பருந்து றெக்கையை ஆட்டாமச் சுத்திச் சுத்தி மேல போகுதில்லீங்களா, அது மாதிரி சும்மாவே ஏறும். அந்த எடம் கண்ணுக்குத் தெரியாது. நானூறு அடி ஒசரத்துல பிளேன் ஏறுதா எறங்குதான்னு கீழ நிக்கறவனுக்கும் தெரியாது. அதைச் சொல்றதுக்குன்னு ஒரு கருவி இருக்குது. வேரியோன்னு பேரு. பிளேனுக்குள்ள ஒண்ணைக் குட்டியா ஒட்டிப்போட்டா, கீழ நம்ம கையில இருக்கற பொட்டி சத்தம் கொடுக்கும். எறங்குனா ஒரு சத்தம், ஏறுனா ஒரு சத்தம்.

மாசி மாசம் கிளப்புல ஒரு போட்டி. ஒரே தடவைதான் விடலாம், பத்து நிமிசம் மேல நிக்கோணும். அஞ்சு வருசமா நான் ஆறு நிமிசம் தாண்டுனதில்ல. போன மாசியில அஞ்சு நாப்பதுல எறங்கி, பிளேனைத் தோள்ல போட்டுட்டு வீட்டுக்குப் போறேன், மயிலாத்தா வாசல்லயே நிக்கறா. அந்த ஆம்பளைக் குரல்ல சொல்றா: 'வர்ற மாசிக்குள்ள நீங்க பத்து நிமிசம் ஓட்டிப்போடுங்க, மறுவாரமே நாம டாக்டரப் பாக்கப் போலாம். ஓட்டலீன்னா பிளேன் பரண்ல ஏறோணும், டாக்டர் பேச்சையும் எடுக்கக் கூடாது.'

எப்பிடி? என்னமோ வெளையாட்டுப் பந்தயம்னு நெனைக்காதீங்க. நான் பத்து நிமிசம் ஓட்டலீன்னா அவ தொண்டையக் காட்ட மாட்டா. அவ்வளவுதான் விசயம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நல்லதா ஒரு வேரியோ வாங்கறதுன்னு.

மொதல்ல வாங்குனது சின்னது. பிளேனுக்குள்ள ஒரு கட்டைவெரல் அகலம், இடுப்புல மாட்டிக்க ஒரு தீப்பெட்டி அளவு. ஏறுனா கீச்சு கீச்சுன்னு விடாமக் கத்தும், எறங்குனா ஊம்முனு முனகும்னு சீட்டுல எழுதியிருந்துது. மில்லுக்காரன் சும்மா மாட்டிருவனா? சோதிச்சுப் பாக்கோணுமில்ல. எங்க வீட்டுக் கெணத்துல வாளிக்குள்ள அந்தக் கருவியைப் பஞ்சுல சுத்தி வெச்சு, கயித்தை உருளையில போட்டு எறக்கினேன். ஊம்ம்ம்னுது. சரி. மேல இழுத்தேன். சத்தமே இல்ல. மறுக்கா எறக்கினேன், ஊம். இழுத்தேன், ஒண்ணுமில்ல. ஒரு மணி நேரம் எறக்கி எறக்கி ஏத்தினேன் தம்பி. வாளி மேல ஏறும்போதெல்லாம் பக்கத்து வீட்டு நாய் ஊளையிடுது, அதுக்கு என்னத்தைப் புடிச்சுதோ. மயிலாத்தா ரெண்டு கையிலயும் காதைப் பொத்தீட்டுக் கெணத்தடியில நிக்கறா, வெயில்ல தலைவலி போல.

'பொறப்பு ஊனம், எறக்கம் மட்டுந்தான் தெரியுது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிப்போட்டேன்.

ரெண்டாவது வாங்குனது வெல சாஸ்தி. பிளேனோட வால்ல ஒரு குட்டிக் கொழாய் நீட்டீட்டு இருக்கும். அது எதுக்குன்னா, நாம ரிமோட்டுல குச்சியை இழுத்தா பிளேன் வேகத்துல மூக்கைத் தூக்கும், சாதா வேரியோ அதையும் ஏத்தம்னு நெனைச்சுக்கும். இது அந்த ஏமாத்துக்கு மசியாது, நெசமான காத்துக்கு மட்டுந்தான் வாயைத் தொறக்கும். சத்தமும் தனிப் பொட்டி வேண்டாம், இந்த ரிமோட்டுலயே வரும். ஞானராஜுதான் வரவழைச்சுக் கொடுத்தாரு. நல்ல சாமான், நான் குத்தம் சொல்லல. ஆனா இதுல வேற ஒரு கோளாறு. லேசா ஏறும்போது முனகுது, எனக்கும் கேக்குது. நல்லா ஏற ஆரம்பிச்சா வாயை மூடிக்குது.

மில்லுல ஓடீட்டு இருந்த மெசின் சத்தம் திடீர்னு நின்னா என்னங்க அர்த்தம்? எங்கியோ அந்து போச்சுன்னு அர்த்தம். என்ன பண்ணுவோம்? ஓடிப் போயி புடிப்போம். அதே மாதிரி, சத்தம் நின்ன நிமிசமே நான் பிளேனை வெடுக்குனு திருப்பிருவேன், பிளேனுக்கும் ரிமோட்டுக்கும் இருக்கற லைன் அந்து போச்சு, கைக்குள்ள கொண்டு வரோணும்னு. திருப்புனா மறுபடியும் ஊம்முனு கேக்கும். அப்பாடா, லைன் வந்துருச்சுன்னு இருக்கும். ஆனா பிளேன் எறங்கீட்டு இருக்கும். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இதே கதை. மூணு நிமிசம், நாலு நிமிசம். முன்னைக்காட்டிலும் மோசம்.

பொறகால நின்னுட்டு ஞானராஜ் கத்துவாரு, 'அண்ணா, திருப்பாதீங்க, அங்கயே சுத்துங்க! பாருங்க எப்பிடிக் கத்துது!' கூட நிக்கற நாலு பேரும், 'ஆமாங்கண்ணா, கத்துதுங்கண்ணா!' நான் நம்புவனா? அவிங்க எப்பிடிப்பட்ட ஆளுகன்னு எனக்குத் தெரியும். நான் சேந்த புதுசுல, புதுப் பிளேனை மூணு நாள் கெழக்க மூக்கு வெச்சு வெயில் குடிக்க வெக்கோணும்னு சொன்னாங்க. நான் பாயைப் போட்டு, காக்கா தொடாமக் காவல் உக்காந்தேன். நாலாம் நாளு மொத்தக் கிளப்பும் வந்து சிரிக்குது. அன்னையிலிருந்து அந்தக் கொளத்துக்குள்ள யாரு என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்குவேன், கேக்க மாட்டேன்.

மூணாவது ஒண்ணு. அது பேசும். எத்தனை மீட்டர் ஏறுது எறங்குதுன்னு ஒரு அம்மா இங்கிலீஸ்ல சொல்லும். சொல்லுதுன்னுதான் சொல்றாங்க, எனக்கு மொணமொணன்னு இருந்துது. இந்தக் காலத்துல எந்தப் பொம்பளைக்கும் குரலே இல்லீங்களா, கருவிக்குள்ள இருக்கறவளுக்குமா தொண்டை போயிருக்கும்? அதையும் கழட்டிப்போட்டு மறுபடியும் ரெண்டாவதையே மாட்டினேன்.

போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்குது. நான் சோறு எறங்காம உக்காந்திருக்கேன். பரண்ல ஏத்தறதுக்கு எடம் கூடப் பாத்துட்டேன், பழைய தொட்டிலுக்குப் பக்கத்துல. பிளேன் போனாப் போகட்டுமுங்க. இவளுக்கு உள்ள என்ன வளந்துட்டு இருக்குதோ, எனக்கு அந்தக் கவலை. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசம். அவ குரல் இல்லாம வீடே சத்தமத்துப் போயிருக்குது தம்பி, அதை யாருகிட்டப் போயிச் சொல்றது.

அப்பத்தான் மயிலாத்தா இந்த ரிமோட்டைத் துணியில சுத்தி, ஒரு தூக்குல கச்சாயப் பலகாரமும் போட்டு எடுத்துட்டு ஞானராஜ் வீட்டுக்குப் போயிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருப்பா, நான் கவனிச்சிருக்க மாட்டேன். சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வர்றாங்க. என்னை நாற்காலியில உக்கார வெச்சு, அந்தப் பக்கமாத் திரும்பிக்கச் சொன்னாங்க. பொறகால ஞானராஜ் ரிமோட்டுல என்னமோ பட்டனை அமுத்தறாரு. கேக்கறப்ப வெரலைத் தூக்கோணுமாமா. நான் சொன்னேன், 'ஏப்பா, கோளாறு கருவியிலயா என்கிட்டயா? அதைச் சோதிக்கறதுக்கு என்னை எதுக்கு உக்கார வெச்சிருக்கீங்க?' ஞானராஜ் முன்னால வந்து நின்னு சொல்றாரு, 'அண்ணா, கருவி எந்தெந்தச் சத்தத்துல மக்கர் பண்ணுதுன்னு பாக்கறோம். நல்ல காது ஒண்ணு வேணும், அதான் உங்களை உக்கார வெச்சோம்.' அது நியாயமான பேச்சு. உக்காந்தேன். கால் மணி நேரம் வெரலைத் தூக்கித் தூக்கி எறக்கினேன். பாதி நேரம் அந்தாளு அமுத்தவே இல்ல, சும்மா இருந்தாரு. திரும்பிப் பாத்தா மயிலாத்தா ஒரு காயிதத்துல என்னமோ எழுதீட்டு இருக்கறா. எழுதறவ கண்ணுல தண்ணி நிக்குது. 'என்னடி?'ன்னேன். தூசின்னு கையைக் காட்டுனா.

அப்பறம் ஞானராஜ் ஒரு மணி நேரம் ரிமோட்டை நோண்டிப்போட்டு, என்ற தோள்ல கையை வெச்சுச் சொன்னாரு: 'அண்ணா, நீங்க சொன்னதுதான் சரி. தப்பு கருவி மேலதான். சரி பண்ணிப்போட்டேன்.'

கேட்டீங்களா? ஒரு வருசமா நான் சொன்னதை, படிச்ச மனுசன் அன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டாரு.

இப்ப எப்பிடின்னா, எறங்கும்போது சத்தமே இல்ல. ஏறும்போது எருமை கன்னுக்குட்டியைக் கூப்பிடற மாதிரி ம்ம், ம்ம், ம்ம். ஏற ஏற மம்மம்மம்முனு வேகம் புடிக்கும், ஆனா குரல் ஒசராது, அடியிலயே நிக்கும். நல்ல கெட்டிக் குரல். மொத நாள் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'மயிலாத்தா, இது உன்ற குரலாட்டவே இருக்குது'ன்னேன். அவளும் சிரிச்சா.

போட்டி அன்னைக்குப் பதினோரு மணி வெயிலு. ரப்பர் கயித்துல விட்டேன். ரெண்டு நிமிசம் ஒண்ணையுங் காணோம். வழக்கம் போலத்தான்னு நெனைச்சேன். கொளத்துக் கரைப் பக்கம் திருப்புனேன், ம்ம்னுது ஒருக்கா. அப்பறம் ம்ம், ம்ம். நான் திருப்பல. பிளேனை லேசா ஒரு பக்கம் சாச்சுப் புடிச்சு அங்கயே சுத்துனேன். மம்மம்மம்முனு மடியில உக்காந்து பேசற மாதிரி பேசுதுங்க. பிளேன் சின்னதாயிட்டே போகுது. ஞானராஜ் நிமிசம் சொல்லீட்டே இருக்கறாரு, ஆறு, ஏழு. எட்டாம் நிமிசத்துல ஒரு பருந்து வந்து கூடச் சேந்து சுத்துது. பதினொரு நிமிசம் நாப்பது செகண்டு தம்பி. எறக்கி வெச்சுப்போட்டு அப்பிடியே மண்ணுல உக்காந்து அழுதுட்டேன். சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுதுதான் போட்டேன். எல்லாரும் கையைத் தட்டுனாங்க. மயிலாத்தா மட்டும் தட்டல, முந்தானையில மூஞ்சியத் தொடைச்சுட்டு நின்னா.

அதனால உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நாளைக்கு நீங்க இந்த மாதிரிக் கருவி வாங்கறதா இருந்தா, வெலையைப் பாக்காதீங்க, கொழாயைப் பாக்காதீங்க. காதுல கேட்டுப் பாத்து வாங்குங்க. அதுக்கு நல்ல காது வேணும். எல்லாருக்கும் அமையாது.

சொன்ன வாக்கை அவ காப்பாத்திப்போட்டா, மறுநாளே போனைப் போட்டு டோக்கன் வாங்கிட்டா. இதா பாருங்க சீட்டு. பேரு என்ன போட்டிருக்குது? ஆமா, நாச்சிமுத்து, வயசு அறுபத்தி நாலு. என்ற பேர்தான். நானும் கேட்டேன், 'தொண்டை உன்னுது, பேரு என்னுதா?'ன்னு. 'வீட்டுக்குப் பெரியவர் பேர்லதான் போடுவாங்களாமா'ன்னா. தனியார் ஆஸ்பத்திரியில அப்பிடி ஒரு வழக்கம் இருக்கும் போல. அன்னைக்கு எழுதுனா பாருங்க ஒரு காயிதம், அதையும் மடிச்சுப் பர்ஸுக்குள்ள வெச்சிருக்கறா. டாக்டருக்கு வேரியோவோட கணக்கெல்லாம் காட்டோணுமாமா.

உக்கடம் வந்துருச்சு. அதா எந்திரிச்சுத் திரும்பறா பாருங்க. இத்தனை கூட்டத்துல கத்துனா தொண்டை இன்னும் கெட்டுப் போகுமில்ல, அதான் கையில சொல்றா. ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வெச்சாளே, மில்லுல அப்பிடிக் காட்டுனா ஷிப்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம். வர்றேன், வர்றேன்!

இந்தப் பொட்டியைச் சித்தப் புடிங்க, வேட்டியைக் கட்டிக்கறேன். ஒண்ணு சொல்லட்டுங்களா? பத்து நிமிசம் ஓட்டியாச்சு, அந்த ஆசை தீந்துது. டாக்டர் மட்டும் அந்தப் பழைய குரலைக் கொண்டு வந்து கொடுத்துட்டாருன்னா, கொல்லையில நின்னு ஒருக்கா 'ஏனுங்கோ'ன்னு கிணுகிணுன்னு கூப்பிட்டான்னா, இந்தப் பிளேனை நானே பரண்ல ஏத்திப் போடறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

என்னுங்க? என்னமோ சொல்ல வர்றீங்க, மூஞ்சியத் திருப்பிச் சொல்லுங்க. கேக்கலியே. பஸ்ஸும் நின்னுருச்சு, இஞ்சினையும் அமத்திப்போட்டான், இன்னும் உங்க பேச்சு காத்தாத்தான் வருது. இந்தச் சின்ன வயசுலயே இப்பிடியா? வாங்க தம்பி, எங்ககூடவே வந்து உங்க தொண்டையையும் ஒருக்கா காட்டிப்போடுங்க.